வேலைத்தலத்தில் இயலாமையும் தொழில்கொள்வோரின் கடமையும்

(புலம்பெயர் பெற்றோருக்கும் இளையோருக்குமான கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தில் ரோனி மயோரின் என்னும் பெண்மணி காட்டுத்தீ அணைக்கும் படையில் மூன்று ஆண்டுகள் பணியாற்றி வந்தார். அவருடைய வேலையில் எவரும் குறை கண்டதில்லை. பின்னர் மாகாண அரசு புதிய உடற்தகுதிச் சோதனைகளைக் கொண்டுவந்தது. அவற்றுள் ஒன்று, 2.5 கிலோமீற்றர் தூரத்தை 11 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பது. ஏனைய சோதனைகளில் மயோரின் தேறினார். இந்த ஓட்டத்தை மட்டும் நான்கு தடவைகள் முயன்றும் அவரால் முடிக்க இயலவில்லை. அவருடைய மிகச் சிறந்த நேரம் 11 நிமிடமும் 49.4 வினாடியும் ஆகும். 49.4 வினாடிகள் பிந்தியதற்காக, மூன்று ஆண்டுகள் தீயோடு போராடிய ஒருவர் வேலையை இழந்தார்.

அவருடைய தொழிற்சங்கம் வழக்கை முன்னெடுத்தது. 1999ஆம் ஆண்டு செப்ரெம்பர் 9ஆம் நாள் கனடிய உச்ச நீதிமன்றம் அவருக்கு மீண்டும் வேலை வழங்குமாறு தீர்ப்பளித்தது. தீ அணைக்கும் வேலையைப் பாதுகாப்பாகச் செய்வதற்கு அந்த 11 நிமிடம் உண்மையில் தேவை என்பதை அரசு நிரூபிக்கவில்லை என்று நீதிபதிகள் கூறினர். பெண்களின் உடலமைப்பு ஆண்களின் உடலமைப்பிலிருந்து வேறுபட்டது என்பதைக் கருத்திற் கொள்ளாமலேயே அளவுகோல் வகுக்கப்பட்டிருந்தது.

இது பெண் ஒருவரின் வழக்கு. இங்கு பேசப்படவிருப்பதோ உடலாலோ உள்ளத்தாலோ இயலாமைக்கு உள்ளானோரின் வேலை உரிமை. இரண்டிற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மாற்றுத்திறனாளிகளின் வேலை தொடர்பாகக் கனடாவில் இன்று நடக்கும் வழக்குகள் பெரும்பாலானவற்றில் அந்தத் தீர்ப்பு வகுத்த மூன்று கேள்விகளே கேட்கப்படுகின்றன. ஒரு விதியை வேலைத்தலம் விதித்தால், அந்த விதிக்கும் வேலைக்கும் தொடர்பு உண்டா? அது நல்லெண்ணத்தோடு விதிக்கப்பட்டதா? அந்த விதியைத் தளர்த்தி இந்த ஊழியருக்கு இடமளித்தால் தொழில்கொள்வோருக்குத் தாங்கவியலாத இடர் உண்டாகுமா? மூன்றாவது கேள்வியே உயிர்நாடி. அதற்கு விடையளிக்கும் பொறுப்பு ஊழியரிடம் இல்லை. தொழில்கொள்வோரே நிரூபிக்க வேண்டும்.

ஒரு சொல்லைப் பற்றி முதலில் கூறிவிட வேண்டும். ஆங்கிலத்தில் இதனை 'அக்கொமடேஷன்' என்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் 'தங்குமிடம்' என்று பொருள் கிடைக்கும். வேலைத்தலம் தரும் கடிதத்தில் இச்சொல்லைக் கண்டு, வீடு தருகிறார்களோ என்று ஒருவர் எண்ணினால் அது அவர் குற்றமன்று. இந்த உரையில் 'இசைவு ஏற்பாடு' என்ற சொல் பயன்படுத்தப்படுகிறது. ஊழியரின் உடல்நிலைக்கோ உளநிலைக்கோ இசைவாக வேலையின் நேரத்தையோ, முறையையோ, கருவியையோ, இடத்தையோ மாற்றியமைத்தல் என்பதே அதன் பொருள்.

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கருத்து புதியது. இலங்கையில் அரச வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு நூற்றுக்கு மூன்று என்ற ஒதுக்கீடு 1988இன் சுற்றறிக்கை மூலம் வந்தது. 1996இல் அவர்களின் உரிமைகளுக்கான சட்டம் ஒன்றும் நிறைவேறியது. இந்தியாவில் 1995இன் சட்டம் மூன்று விழுக்காடு ஒதுக்கியது. 2016இன் சட்டம் அதனை நான்காக உயர்த்தியதோடு, அரச நிறுவனங்கள் இசைவு ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும் என்றும் கூறியது. ஆயினும் மக்கள் மனதில் பதிந்திருப்பது ஒதுக்கீடுதான். இத்தனை இடங்கள் அவர்களுக்கு, எஞ்சியவை மற்றவர்களுக்கு. ஒதுக்கீட்டுக்கு வெளியே கிடைப்பதெல்லாம் முதலாளியின் இரக்கம். 'பாவம் என்று வைத்திருக்கிறார்கள்' என்ற பேச்சை அறியாதோர் இங்கு இருக்க மாட்டார்கள்.

கனடாவில் அடித்தளமே வேறு. நாட்டின் உரிமைகள் சாசனத்தில் உடல், உள இயலாமையின் பேரில் வேற்றுமை காட்டலாகாது என்ற சமத்துவப் பிரிவு 1985 ஏப்ரல் 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒன்ராறியோ மாகாணத்தின் மனித உரிமைச் சட்டக்கோவையில் இயலாமை என்னும் காரணம் 1982 முதல் இடம்பெற்றுள்ளது. அந்தச் சட்டக்கோவையின் பத்தாவது பிரிவைப் பெற்றோர் ஒரு முறையேனும் வாசிக்க வேண்டும். சக்கர நாற்காலியும் கண்பார்வை இழப்பும் மட்டுமே இயலாமை என்று எண்ணுவோருக்கு அது வியப்பளிக்கும். நீரிழிவு அதில் பெயர் குறித்துச் சொல்லப்பட்டுள்ளது. வலிப்பு நோய் சொல்லப்பட்டுள்ளது. மூளைக் காயம், காது கேளாமை, கற்றல் குறைபாடு, மனநோய், வேலையில் ஏற்பட்டுக் காப்புறுதி கோரப்பட்ட காயம் ஆகியன எல்லாம் உள்ளன. நீரிழிவு இல்லாத தமிழ்க் குடும்பம் அரிது என்ற நிலையில், இந்தச் சட்டம் யாரோ சிலருக்கானது என்று ஒதுக்கிவைக்க இயலாது.

இனி ஒரு வேலைத்தலத்தை எண்ணிப் பார்ப்போம். இது எவரையும் சுட்டுவதன்று. பல வீடுகளில் நடப்பதை ஒன்றாகத் திரட்டிய காட்சி.

ஸ்கார்பரோவில் பொதி கட்டும் தொழிற்சாலை ஒன்று. ஐம்பதை நெருங்கும் ஒருவர் அங்கே பதினைந்து ஆண்டுகளாக இரவு ஷிவ்ற்றில் வேலை செய்கிறார். ஒருநாள் பெட்டி தூக்கும்போது இடுப்பில் ஏதோ பிடித்துக்கொள்கிறது. மேற்பார்வையாளரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசிப் படுக்கிறார். மறுநாள் வலிமாத்திரை போட்டுக்கொண்டு போகிறார். மனைவி கேட்டால், "இஞ்சை சொன்னால் வேலையாலை நிற்பாட்டிப்போடுவாங்கள், பேசாமல் இரும்" என்கிறார். ஆறு மாதம் கழிகிறது. கால் விறைக்கத் தொடங்குகிறது. அதன் பின்னரே மருத்துவரிடம் போகிறார். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிப் பாரம் தூக்கக் கூடாது என்கிறார். இப்போது தொழிற்சாலை கேட்கிறது: இது இங்கே நடந்த காயம் என்பதற்கு என்ன சான்று? எந்த நாள்? யார் கண்டது? யாரிடம் சொன்னீர்?

அந்த மனிதர் உழைப்பில் சோம்பல் காட்டியவர் அல்லர். உழைப்பை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் வாய் திறவாதிருந்தார். அந்த மௌனமே அவரிடமிருந்து சட்டத்தின் பாதுகாப்பைப் பறித்துவிட்டது.

முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்ராறியோவில் டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்று எல்லோரும் அழைக்கும் வேலைத்தலக் காப்புறுதிச் சபைக்குத் தொழில்கொள்வோர் அறிக்கை அனுப்பியாக வேண்டும். தொழிலாளியும் விபத்து நடந்து ஆறு மாதங்களுக்குள் தம் கோரிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும். மேலே சொன்ன மனிதர் தவறவிட்டது இந்த ஆறு மாதத்தையே. ஓராண்டு தொடர்ச்சியாக வேலை செய்தவர், இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் காயப்பட்டால், அவரை மீண்டும் வேலையில் அமர்த்தும் கடமை தொழில்கொள்வோருக்கு உண்டு. விபத்திலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை அக்கடமை நீளக்கூடும். மீண்டும் அமர்த்திய ஆறு மாதங்களுக்குள் வேலையிலிருந்து நிறுத்தினால், கடமையை மீறியதாகவே சட்டம் கொள்ளும். அப்படியல்ல என்று காட்ட வேண்டியவர் தொழில்கொள்வோர். இருபது பேர் இல்லாத சிறிய இடம் என்றாலும் மனித உரிமைச் சட்டக்கோவை பொருந்தும். அதற்கு ஆள் எண்ணிக்கை வரம்பு எதுவும் இல்லை.

ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகிறவர்கள், தங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்றே நம்புகிறார்கள். இது தவறான நம்பிக்கை. விபத்துக் காப்புறுதியைப் பொறுத்தமட்டில் ஏஜென்சியே தொழில்கொள்வோராகக் கருதப்படுகிறது.

'பாரம் தூக்க முடியாதென்றால் இங்கே வேலை இல்லை' என்பது பல மேற்பார்வையாளர்களின் முதல் விடை. பொறியியற் கண்கொண்டு பார்த்தால் இந்த விடை அரைகுறையானது. பொதி கட்டுதல் என்பது ஒரே வேலையன்று. பெட்டியைத் தூக்குதல், மடித்தல், நாடா ஒட்டுதல், முகவரி ஒட்டுதல், எண்ணிச் சரிபார்த்தல், குறியீட்டை வருடிப் பதிதல், தட்டில் அடுக்குதல் எனப் பல சிறு வேலைகளின் கட்டு அது. அவற்றுள் எது இந்த மனிதருக்கு இயலாது? தூக்குவதும் அடுக்குவதும். மற்றவை இயலும். இருவர் தமக்குள் மாற்றிக்கொள்ளலாம். உயரம் கூட்டிக் குறைக்கும் மேசை வைக்கலாம். பெட்டியின் எடையைக் குறைக்கலாம். வேறு பிரிவுக்கு மாற்றலாம். இயந்திரம் ஒன்றின் தாங்கி தேய்ந்தால் முழு இயந்திரத்தையும் குப்பையில் எறியும் பொறியியலாளர் எவரும் இல்லை. மனிதர் விடயத்தில் மட்டும் இந்த எளிய அறிவு ஏன் மறந்துபோகிறது என்பது விளங்கவில்லை.

இந்தக் கட்டத்தில் மருத்துவரின் கடிதம் வருகிறது. தமிழர் பலர் இங்கு இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் 'நோயாளி வேலைக்குத் தகுதியற்றவர்' என்ற ஒற்றை வரியை வாங்கிக் கொடுக்கிறார்கள். அதனால் தொழில்கொள்வோருக்கு எதுவும் புரிவதில்லை. வேறு சிலர் நோயின் முழு வரலாற்றையும் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். நோயின் பெயரைக் கேட்கும் உரிமை பொதுவாகத் தொழில்கொள்வோருக்குக் கிடையாது. அவர் அறிய வேண்டியது, ஊழியரால் எது இயலும், எது இயலாது, எவ்வளவு காலத்திற்கு என்பதே. எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, எத்தனை நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது, எத்தனை மணிக்கொரு தரம் உணவு உட்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் எழுதினால் போதும். குடும்ப மருத்துவரிடம் இதை இப்படியே கேட்டு வாங்க வேண்டும். கேளாமல் அவர் எழுதமாட்டார்.

தாங்கவியலாத இடர் என்ற வரம்பு எங்கே முடிகிறது என்பது அடுத்த வினா. ஒன்ராறியோ சட்டக்கோவை மூன்றையே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. செலவு, அச்செலவுக்கு வெளியிலிருந்து கிடைக்கக்கூடிய நிதி, உடல்நலமும் பாதுகாப்பும். அந்தச் செலவும் சிறு தொகையாக இருந்தால் போதாது. நிறுவனத்தின் இருப்பையே ஆட்டும் அளவுக்கு அல்லது அதன் தன்மையையே மாற்றும் அளவுக்கு இருக்க வேண்டும் என்று மாகாண மனித உரிமைகள் ஆணைக்குழு விளக்குகிறது. மற்ற ஊழியர்கள் முணுமுணுப்பார்கள், வாடிக்கையாளருக்குப் பிடிக்காது, நிர்வாகத்துக்குத் தொல்லை என்பன எல்லாம் காரணங்களாக மாட்டா.

பாதுகாப்பு என்ற காரணம் மிக எளிதில் சொல்லப்படுவது. அதற்கு ஒரு வழக்கு நல்ல மறுமொழி தருகிறது. ரெரி கிறிஸ்மர் என்பவர் பிரித்தானிய கொலம்பியாவில் சுரங்கப் பாரவூர்தி ஓட்டுநர். 1984இல் பக்கவாதத்தால் இரு கண்களிலும் இடப்புறப் பார்வை குறைந்தது. அவருடைய சாரதி அனுமதிப்பத்திரம் நீக்கப்பட்டது. அந்தப் பார்வைக் குறைபாடு உள்ள எவருக்கும் அனுமதி இல்லை என்பது விதி. தலையைத் திருப்பியும் கண்ணாடிகளைப் பயன்படுத்தியும் தம்மால் பாதுகாப்பாக ஓட்ட இயலும் என்று காட்டும் வாய்ப்பே அவருக்கு அளிக்கப்படவில்லை. 1999 டிசெம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவருக்கு அனுமதி கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அவரைத் தனியாகச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும் என்றே சொன்னது. ஒரு நோயின் பெயரைக் கொண்டு ஒரு மனிதரை அளக்கலாகாது. கிறிஸ்மர் அந்தத் தீர்ப்பைக் காணாமலே காலமாகிவிட்டார்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் இந்த உரை நேர்மையாக இராது. கடமைக்கு எல்லை உண்டு. ஹைட்ரோ-கியூபெக் நிறுவனத்தில் வேலை செய்த ஒருவர் ஏழரை ஆண்டுகளில் 960 வேலை நாட்கள் வரவில்லை. நிறுவனம் பல தடவைகள் அவர் வேலையை மாற்றியமைத்துப் பார்த்தது. இறுதியில் அவரை நீக்கியது. 2008இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே நின்றது. இசைவு ஏற்பாடு முற்றிலும் சாத்தியமற்றது என்று நிறுவனம் காட்டத் தேவையில்லை, தாங்கவியலாத இடர் என்று காட்டினால் போதும் என்பது அதன் கூற்று. அதற்கு முன், 1992இல் ஒரு பாடசாலைப் பராமரிப்பாளரின் மத ஓய்வுநாள் தொடர்பான ரெனோ வழக்கில், ஊழியரும் ஒத்துழைக்க வேண்டும், நியாயமான ஏற்பாடு கிடைத்தால் முழு நிறைவானது வேண்டும் என்று மறுக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் கூறியது. தொழிற்சங்கமும் குறுக்கே நிற்கக் கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே உள்ளது. ஆகவே இது மூவர் இழுக்கும் தேர். ஒருவர் வடத்தைக் கைவிட்டால் தேர் நகராது. பெரும்பாலும் முதலில் கைவிடுபவர், வாய் திறந்து கேளாத ஊழியரே.

இடுப்பு வலியையே மறைக்கும் சமூகம் மனநோயை எப்படி மறைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. போரிலிருந்து வந்தவர்கள் இங்கே பலர். செல் வீச்சில் செவிப்புலன் குறைந்தவர்கள், உடலில் இரும்புத் துண்டோடு இன்றும் வாழ்பவர்கள், 2009இன் வன்னியைக் கனவில் காண்பவர்கள் இந்த நகரத்தில் பேருந்து ஓட்டுகிறார்கள், சமையலறைகளில் நிற்கிறார்கள், கணினி முன் அமர்ந்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் பலத்த ஓசை கேட்டதும் நடுங்கும் ஒருவருக்கு, ஓசை குறைந்த பகுதியில் இடம் கொடுப்பது இசைவு ஏற்பாடு. இரவில் உறக்கமற்றவருக்கு வேலை தொடங்கும் நேரத்தைத் தள்ளிவைப்பது இசைவு ஏற்பாடு. இவற்றுக்குச் செலவு எதுவும் இல்லை.

மனநோய்க்கும் இந்தக் கடமை முழு வலுவோடு பொருந்தும் என்பதற்கு ஒன்ராறியோவிலேயே சான்று உண்டு. ஹமில்ரன்-வென்ற்வேர்த் மாவட்டப் பாடசாலைச் சபையில் கல்நார் அகற்றும் பணிகளின் மேற்பார்வையாளராக இருந்த பெண்மணி ஒருவர், அப்பொறுப்பின் அச்சத்தால் பதற்ற நோய்க்கு உள்ளாகி 2001இல் விடுப்பில் சென்றார். வேறு பொறுப்பில் வேலை செய்ய இயலும் நிலைக்கு அவர் வந்தபோது, சபை அவருக்கு உரிய இடத்தைத் தேடிக் கொடுக்கவில்லை, 2004இல் நீக்கியது. மாகாண மனித உரிமைகள் தீர்ப்பாயம் அவரை மீண்டும் வேலையில் அமர்த்துமாறும், இழந்த ஊதியத்தைக் கொடுக்குமாறும் 2013இல் உத்தரவிட்டது. மன மதிப்புக்கு ஏற்பட்ட காயத்துக்கு 30,000 டொலர் தனியாக வழங்கப்பட்டது. சபை மேன்முறையீடு செய்தது. 2016இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றமும் உத்தரவை உறுதிசெய்தது. வேலை பறிபோய்ப் பன்னிரண்டு ஆண்டுகள். நீதி கிடைத்தது என்பதைப் போலவே, அத்தனை காலம் பிடித்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இளையோருக்கு இனிச் சில சொற்கள். பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் தேர்வுக்குக் கூடுதல் நேரம், குறிப்பெடுக்க உதவி ஆகியவற்றைப் பெற்றுத் தேறிய பிள்ளைகள் பலர், முதல் வேலைக்குப் போனதும் அனைத்தையும் மறைத்துவிடுகிறார்கள். இதற்குப் பின்னால் பெரும்பாலும் பெற்றோரின் குரல் நிற்கிறது. "வெளியிலை தெரிய வந்தால் நாளைக்குக் கலியாணம் பேசேக்கை பிரச்சினை வரும், ஒருத்தருக்கும் சொல்லாதை பிள்ளை." வலிப்பு நோய், மனச்சோர்வு, கற்றல் குறைபாடு ஆகிய மூன்றுக்கும் இதே அறிவுரைதான். பெற்றோரின் அன்பில் ஐயமில்லை. ஆனால் வலிப்பு உள்ள ஒரு பெண் தொடர்ந்து இரவு வேலையும் பகல் வேலையும் மாறி மாறிச் செய்து உறக்கம் கெட்டால், வலிப்பு வருவதற்கு வாய்ப்புக் கூடுகிறது. கலியாணப் பேச்சைக் காப்பதற்காக உயிரைப் பணயம் வைப்பதற்கு ஒப்பானது இது. மேலாளரிடமோ மனிதவளப் பிரிவிடமோ சொல்லப்படும் மருத்துவச் செய்தியை அவர்கள் இரகசியமாகக் காக்க வேண்டும். அது ஸ்கார்பரோ முழுவதும் பரவும் என்ற அச்சம் தேவையற்றது. அப்படிப் பரவினால் அதுவும் முறைப்பாட்டுக்குரிய செயலே.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே சொல்ல வேண்டுமா? கட்டாயமில்லை. ஒன்ராறியோவில் விண்ணப்பப் படிவத்தில் இயலாமை பற்றிக் கேட்பதற்கே சட்டக்கோவை தடை விதிக்கிறது. நேர்முகத் தேர்வுக்கே ஏற்பாடு வேண்டியவர், எடுத்துக்காட்டாகச் சைகைமொழி பெயர்ப்பாளர் தேவைப்படுபவர், முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஏனையோர் வேலை கிடைத்த பின், தேவை ஏற்படும்போது சொல்லலாம். ஆனால் வேலையில் தவறுகள் குவிந்து எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகு முதன்முறையாகச் சொல்வது மிகப் பலவீனமான நிலை. அப்போதும் உரிமை அழிந்துவிடுவதில்லை. ஊழியரின் நடத்தையில் திடீர் மாற்றம் தெரிந்தால் நீக்குவதற்கு முன் காரணத்தை விசாரிக்கும் பொறுப்பு தொழில்கொள்வோருக்கு உண்டு. இருப்பினும் அதை நம்பிக் காத்திருப்பது அறிவுடைமையாகாது.

தகவல் தொழில்நுட்பத் துறையில் தமிழ் இளையோர் நிறைந்திருப்பதால் அத்துறை பற்றி ஒரு குறிப்பு. பார்வையற்றோர் கணினியில் வேலை செய்ய இயலாது என்று நம்புவோர் இன்றும் உள்ளனர். திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருள்கள் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளன. அவற்றுள் என்.வி.டி.ஏ. என்பதை 2006இல் அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் எழுதத் தொடங்கினார். இன்றுவரை அது இலவசம், தமிழையும் வாசிக்கும். பல வேளைகளில் தடையாக இருப்பது நிறுவனத்தின் சொந்த மென்பொருளே. பொத்தானுக்குப் பெயரிடாமல் வெறும் படத்தை மட்டும் வைத்துவிட்டால், திரை வாசிப்பானுக்கு அங்கே எதுவும் தெரியாது. எழுதும் நிரலாளர் ஒரு வரி கூடுதலாக எழுதினால் ஒருவரின் வேலை காப்பாற்றப்படும். அந்த நிரலாளர்களில் தமிழர்களும் அடக்கம்.

செலவைப் பற்றிய அச்சமும் மிகைப்பட்டது. அமெரிக்காவில் ஜே.ஏ.என். எனப்படும் வேலைத்தல ஏற்பாட்டு ஆலோசனை மையம் தொழில்கொள்வோரிடம் ஆண்டுக்கணக்கில் நடத்திவரும் ஆய்வுகளில், ஏறத்தாழப் பாதி ஏற்பாடுகளுக்கு எச்செலவும் ஏற்படவில்லை என்றே விடை வந்திருக்கிறது.

இன்னொன்றையும் தயக்கமின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று தமிழர்கள் தொழிலாளர்களாக மட்டும் இல்லை. மளிகைக் கடை, உணவகம், கட்டட ஒப்பந்தம், கணக்காய்வு அலுவலகம், மண்டபம் என முதலாளிகளாகவும் இருக்கிறார்கள். அங்கே வேலை செய்பவர்களில் பலர் அண்மையில் வந்த தமிழர்கள். கடையில் நாள் முழுதும் நின்று கால் வீங்கும் பெண்ணுக்கு ஒரு நாற்காலி போடக் கூடாதா? 'வாடிக்கையாளர் வந்தால் மரியாதையாக இருக்காது' என்பது விடையாக வருகிறது. அந்த விடை தீர்ப்பாயத்தில் ஒரு நிமிடமும் நிற்காது. வெள்ளைக்கார நிறுவனத்திடம் உரிமை கேட்கக் கற்றுக்கொடுக்கும் சமூகம், தன் கடைக்குள் அதே உரிமையை மறுத்தால் அது எவ்வகை அறம்?

ஒன்ராறியோவில் 2005இல் நிறைவேறிய அணுகுதகைமைச் சட்டம், 2025 ஜனவரி 1ஆம் நாளுக்குள் மாகாணம் முழுவதும் தடைகளற்றதாக வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்த நாள் கடந்துவிட்டது, இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் அச்சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் பயனுள்ள ஒன்று உண்டு. 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனம், ஏற்பாடு தேவைப்படும் ஊழியருக்குத் தனித்தனியே எழுத்து வடிவில் திட்டம் வகுக்கும் முறையை வைத்திருக்க வேண்டும். 'என் திட்டத்தை எழுத்தில் தாருங்கள்' என்று கேட்பது ஊழியரின் உரிமை. வங்கி, விமானம், தொலைபேசி, மத்திய அரசு ஆகிய இடங்களில் வேலை செய்வோருக்கு மாகாணச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு 1977இன் கனடிய மனித உரிமைச் சட்டமும் 2019இன் மத்திய அணுகுதகைமைச் சட்டமும் உண்டு. முறைப்பாட்டுக்குரிய காலம் இரண்டிலும் ஓராண்டே. தொழிற்சங்கம் உள்ள இடத்தில் சங்கத்தின் மூலம் முறையிடுவதற்கான காலம் அதைவிட மிகக் குறுகியதாக இருப்பது வழக்கம். ஒப்பந்த நூலை எடுத்துப் பார்க்க வேண்டும். தீர்ப்பாயத்தில் வழக்குகள் தேங்கிக் கிடப்பதும் உண்மை. எனவே வழக்குக்குப் போவதற்கு முன்னரே வேலைத்தலத்தில் தீர்ப்பது எப்போதும் மேல்.

அதற்கான முதற்படி ஒரு மின்னஞ்சல். ஆங்கிலம் செம்மையாக இருக்க வேண்டியதில்லை. மருத்துவ நிலை ஒன்றின் காரணமாக இன்னின்ன வேலைகள் செய்ய இயலவில்லை, இன்னின்னவை இயலும், இந்த மாற்றத்தைக் கேட்கிறேன், மருத்துவரின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது, எப்போது பேசலாம்? இந்த ஐந்து செய்திகளும் நாளோடு இருந்தால் போதும். வாயால் மட்டும் சொன்னவர்கள், அன்றிரவே 'இன்று காலை உங்களிடம் சொன்னபடி' என்று தொடங்கி எழுதி அனுப்பிவிட வேண்டும். பிரதியை வேலைத்தலக் கணக்கில் வைக்கக் கூடாது. வேலை போனால் அந்தக் கணக்கும் அன்றே போய்விடும். தம் சொந்த முகவரிக்கு ஒன்றை அனுப்பிவைக்க வேண்டும். உரிமை கேட்டதற்காகப் பழிவாங்குவது தனியொரு சட்டமீறல் என்பதால், கேட்ட நாளும் அதன் பின் நடந்தவையும் குறிப்பேட்டில் இருக்கட்டும்.

ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் பெற்றோருக்குப் பிள்ளைகள் இதை எழுதிக் கொடுக்கலாம். பத்து நிமிட வேலைதான். அதற்கு மேல் உதவி தேவைப்பட்டால் ஒன்ராறியோவின் மனித உரிமைகள் சட்ட உதவி மையம் கட்டணமின்றி ஆலோசனை வழங்குகிறது. தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொலைபேசியில் முதலிலேயே கேட்க வேண்டும். உரையின் பின் இளைய தொண்டர்கள் பின்வரிசை மேசையில் அமர்ந்திருப்பார்கள். அத்தகைய மின்னஞ்சலை இன்றே எழுத வேண்டிய நிலையில் எவரேனும் இருந்தால், அங்கேயே அமர்ந்து எழுதிவிட்டுப் போகலாம்.